எட்டாவது கடிகாரத்துக்கு இரண்டாவது கையெழுத்து

அக்கா ஒரு கடிகாரத்தைப் பரிசோதிக்கும்போது அதன் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பாள். ஆளுயரத்துக்கு நிற்கும் பெட்டியின் நடுக்கதவைத் திறந்து, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டு, பின்பலகையைத் தடவுவாள். கண் வேறெங்கோ இருக்கும். கன்று எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கிற மாட்டு வைத்தியர் மாதிரி இருக்கிறது என்று அத்தான் கேலி செய்வார்.

அவள் தேடுவது ஒரு தழும்பை. என்றைக்காவது ஒரு நாள் பெட்டி லேசாகப் பின்னால் சாயும். உள்ளே ஆடும் ஊசலின் குண்டு பலகையில் உரசும். வருஷக்கணக்கில் உரசி உரசி அங்கே பிறை போல ஒரு பள்ளம் விழும். பள்ளத்தின் உயரமும் குண்டின் உயரமும் ஒத்துப்போனால் இயந்திரமும் பெட்டியும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வாழ்ந்தவை. இல்லையென்றால், ஏதோ ஒரு கடைக்காரன் ஒன்றின் பெட்டியில் இன்னொன்றின் குடலை வைத்துவிட்டான் என்று அர்த்தம்.

"முகத்தை யார் வேணா மாத்தலாம். முதுகை மாத்தணும்னு எவனுக்கும் தோணாது" என்பாள்.

அவள் சேர்ப்பது பிரிட்டனில் செய்த பழைய கடிகாரங்களை மட்டும். ஏன் அவை மட்டும் என்று கேட்டால், கைக்கு வந்தது அதுதான் என்று முடித்துவிடுவாள். அவளுக்கு வேலை ஒரு பெரிய சாமான் கிடங்கில். ஊரைவிட்டுப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை அங்கே பெட்டி கட்டி வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் திரும்பி வருவதில்லை, கடிதத்துக்கும் பதில் இருக்காது. அப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த சாமான்கள் ஏலத்துக்கு வரும்போது, யாருக்கும் வேண்டாத நீளப் பெட்டி ஒன்றை அவள் எடுத்தாள். சவப்பெட்டி என்று நினைத்து மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அதுதான் முதலாம் நம்பர். பன்னிரண்டு வருஷத்தில் ஏழு சேர்ந்துவிட்டன.

கிடங்கில் அவளுக்கு 'ரெண்டு கையெழுத்து' என்று பட்டப்பெயர். எந்தச் சாமானும் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பதிவேட்டில் ஏறக்கூடாது என்பது அங்கே விதி. கட்டியவர் ஒருவர், கண்ணால் பார்த்தவர் ஒருவர். அவசரத்தில் மற்றவர்கள் ஒருவரே இரண்டு பேனாவில் போட்டுவிடுவதுண்டு. அக்கா போடமாட்டாள். மேலாளரே வந்து நின்றாலும், "நீங்க பாக்கல சார், நான் மட்டும்தான் பாத்தேன்" என்பாள். அந்தப் பழக்கம் வீட்டு நோட்டிலும் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு பக்கம். பெட்டி என்ன மரம், முகம் பித்தளையா வெள்ளைப் பூச்சா, எட்டு நாளைக்கு ஒரு தடவை சாவியா தினமும் சங்கிலியா, தழும்பு ஒத்துப்போகிறதா, ஓடுகிறதா நின்றதா. அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று அவளுடையது. மற்றது அத்தானுடையது அல்லது என்னுடையது.

பத்தாம் வகுப்போடு நின்றவள் அக்கா. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் அவள் படிக்கவைத்து. இயற்பியல் படித்துவிட்டு, வேலை தேடிக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்தேன். அத்தான் பள்ளி வேன் ஓட்டுபவர். என்னை அவர் "பட்டதாரி" என்றுதான் கூப்பிடுவார். பல்பு எரியவில்லை என்றாலும், "பட்டதாரி, வந்து பாரும்மா" என்பார். நான் நாற்காலி போட்டு ஏறுவேன். எனக்கும் பல்பு மாற்றத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து தெரிந்திருந்தது. நாலாம் நம்பர் கடிகாரம் சாவி கொடுத்த ஆறாம் நாள் தானாக நின்றுவிடும். அக்கா அதை ஆறாம் நாள் நோய் என்பாள். இறங்கி வரும் எடைக்கட்டி அன்றைக்கு ஊசலின் உயரத்துக்கு வந்து சேரும். இரண்டும் ஒரே நீளத்தில் தொங்குவதால் ஊசலின் ஆட்டத்தை எடைக்கட்டி மெல்ல வாங்கிக்கொண்டு தானும் ஆடத் தொடங்கும், ஊசல் சோர்ந்து நின்றுவிடும். ஒரே நீளமுள்ள இரண்டு பொருளில் ஒன்று ஆடினால் மற்றதும் ஆடும். ஒத்ததிர்வு. பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அக்கா அதை எழுதவில்லை. பெட்டியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கினாள், நோய் போய்விட்டது. அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச் சுவர். பக்கத்து வீடு நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே பூட்டிக் கிடந்தது.

ஒரு காலை, ஒன்பது மணி இருக்கும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"கேட்டியா?"

"என்னக்கா?"

"சங்கிலி. சர்ர்ருன்னு இழுத்தாங்களே."

எங்கள் வீட்டில் இருக்கும் ஏழும் சாவி கொடுப்பவை. சங்கிலிக் கடிகாரம் ஒன்றுகூடக் கிடையாது. அதைச் சொன்னேன்.

"தெரியும்டி. நம்ம வீட்ல இல்ல." கத்தி முனையால் பொதுச் சுவரைக் காட்டினாள். "பதினஞ்சு நாளாக் கேக்குது. முப்பது மணி நேரம் ஓடுற ஜாதி. தினமும் இழுத்துவிடலேன்னா நின்னுடும்."

"அப்ப யார் இழுக்குறாங்க?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள், உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். பிறகு வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள்.

எங்கள் அம்மாவும் கடைசி மூன்று வருஷம் சுவருக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தோம். பிறகு அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். சாப்பிடாமல் சுவரோரம் காதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் போன பிறகு சொந்தக்காரர்கள், "இது பொம்பளை வழியா வர்றது" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் நான் இவ்வளவு படித்தேனோ என்று சில சமயம் தோன்றும்.

நோட்டில் எட்டாவது பக்கம் எழுதப்பட்டிருந்ததை அத்தான்தான் முதலில் பார்த்தார். பென்சிலில் எழுதியிருந்தாள். 'ஓக் மரம். நாட்டுப்புறத் தயாரிப்பு. ஒரே எடைக்கட்டி, சங்கிலி. தரை இடது பக்கம் தாழ்வு, அதனால் நடை நொண்டுகிறது. மணி தடம் மாறி அடிக்கிறது, நாலு மணிக்கு ஏழு. தழும்பு: பார்க்கவில்லை. இடம்: சுவருக்கு அந்தப் பக்கம்.' அடியில் அவள் கையெழுத்து. பக்கத்தில் காலி.

"ஏம்மா, இருக்கிற ஏழு புள்ளை பத்தாதுன்னு எட்டாவதா?" என்றார் அத்தான். சிரிக்கத்தான் பார்த்தார். முடியாமல் நோட்டை மூடி வைத்தார். "நிஜமாவே கேக்குதா உனக்கு?"

"கேக்காததை எழுதுவேனா நான்?"

அது அவருக்கும் தெரியும். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அடுத்த ஞாயிறு பட்டப்பகலில் அவரே ஒரு வழி சொன்னார். ஏழையும் நிறுத்திவிடுவது. பிறகு மூவரும் சும்மா உட்கார்ந்து கேட்பது. அக்கா ஒவ்வொரு கதவாகத் திறந்து, தூங்குகிற குழந்தையின் தொட்டிலை நிறுத்துவதுபோல் குண்டைப் பிடித்து நிறுத்தினாள். ஏழாவதும் நின்றபோது கூடம் திடீரென்று பெரிதானது. அதுவரை அந்த வீட்டில் அமைதி என்று நான் நினைத்திருந்தது அமைதியே இல்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் போனது. எங்கோ குழாய் சொட்டியது. அத்தான் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு வந்தார்.

"இதோ" என்றாள் அக்கா. கண்ணை மூடி, விரலால் முழங்காலில் தட்டினாள். டிக், கொஞ்சம் தாமதித்து டக். டிக், தாமதித்து டக். ஒரு கால் நீளமான ஆள் நடப்பதுபோல.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எதுவும் இல்லை. அத்தான் என்னைப் பார்த்தார், நான் இல்லை என்று தலையசைத்தேன். அவரும் தலையசைத்தார்.

அப்போதுதான் என் கண் நாலாம் நம்பர் பக்கம் போனது. அதன் நடுக்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே குண்டு ஆடிக்கொண்டிருந்தது. ஓடும் கடிகாரத்தின் ஆட்டம் இல்லை. டிக் என்ற சத்தமே வராத அளவுக்கு, ஒரு நெல்லின் அகலம்தான். ஆனால் விடாமல், வினாடிக்கு ஒன்றாக. நின்றபோது மிச்சமிருந்த ஆட்டமாக இருக்கும் என்று எண்ணினேன். எழுந்து போய், கதவை மூடுகிற சாக்கில் குண்டை விரலால் அமர்த்தினேன். முழுதாக நின்றது. கையை எடுத்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, யாரோ கேட்ட கேள்விக்கு மெல்லத் தலையாட்டத் தொடங்குவதுபோல், மறுபடி ஆட ஆரம்பித்தது. அக்காவின் விரல் தட்டும் அதே கதியில். மற்ற ஆறும் செத்தது போலத் தொங்கின. பொதுச் சுவரில் திருகியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தச் சுவருக்குப் பின்னால் அதே நீளமுள்ள ஒரு ஊசல் ஆடினால் தவிர இது நடக்காது. இரண்டு பக்கம் எழுதியவள் நான். கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டேன்.

"என்ன?" என்றார் அத்தான்.

"ஒண்ணுமில்ல. தூசி படியும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பார்த்தேன் என்றால் எனக்கும் அம்மாவின் வழி வந்துவிட்டது என்பார்கள் என்ற பயம் ஒன்று. அதைவிட அசிங்கமான இன்னொன்றும் உண்டு. படித்தவள் என்ற பெயர் ஒன்றுதான் எனக்குச் சொந்தமாக இருந்தது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள விரும்பினேன்.

டாக்டரிடம் மூவரும் போனோம். நல்ல மனுஷி, பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. அந்த வீட்லயே இருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சதா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை டாக்டர்" என்றேன்.

மாத்திரை எழுதினார். கொஞ்ச நாளைக்குக் கடிகாரங்களை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொன்னார். விடுப்புக்கு எழுதிக் கொடுத்த சீட்டு கிடங்குக்குப் போனது. மேலாளர் வருத்தத்தோடுதான் சொன்னாராம், திரும்பி வந்தாலும் பெட்டி கட்டலாம், ஆனால் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் இனி வேறு யாராவது போடட்டும் என்று. அதை எங்களிடம் சொன்னபோது அக்கா அழவில்லை. "என் கண்ணை இனி யாரும் நம்பவேண்டியதில்ல, அவ்வளவுதானே" என்று மட்டும் சொன்னாள்.

மாத்திரை அவளை மந்தமாக்கியது. ஒன்பது மணிக்கு மட்டும் தலை லேசாகச் சுவர்ப்பக்கம் திரும்பும். அப்புறம் என்னைப் பார்ப்பாள். நான் தட்டைக் கழுவப் போய்விடுவேன்.

சனிக்கிழமை லாரி என்று முடிவானது. கடிகாரங்களை அக்காவேதான் பெட்டி கட்டினாள். அவளைவிட நன்றாகக் கட்டுகிறவர் யார்? ஊசலை முதலில் கழற்ற வேண்டும், பிறகு எடைக்கட்டிகள், பிறகு தலைப்பெட்டி, கடைசியில்தான் இயந்திரம். ஒவ்வொன்றையும் பழைய போர்வையில் சுற்றி, நம்பர் எழுதி ஒட்டினாள். ஆறு முடிந்தன. நாலாம் நம்பரை மட்டும் தொடாமல் விட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சாவி தெருமுனையில் இருக்கும் வீட்டுப் புரோக்கரிடம் இருந்தது. வாடகைக்குப் பார்க்கிறோம் என்று பொய் சொன்னேன். அவர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே வந்தார்.

"பதினாலு வருஷமாப் பூட்டியிருக்கு. உள்ளே பேய்தான் வாடகை குடுக்காம இருக்கு" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

கதவு திறந்ததும் மூடிக் கிடந்த காற்று முகத்தில் வந்து ஒட்டியது. தரை முழுக்க ஒரே சீரான தூசி, மாவு சலித்துவிட்டதுபோல. ஒரு காலடித் தடம் இல்லை. கூடத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. பொதுச் சுவரில், சரியாக எங்கள் நாலாம் நம்பருக்கு முதுகாக, ஒரு வெளிறிய வடிவம் இருந்தது. அடியில் அகலம், நடுவில் ஒடுக்கம், மேலே மறுபடி அகலம். ஆளுயரம். தலைக்கு மேல் வருகிற இடத்தில் திருகாணி போட்ட இரண்டு ஓட்டைகள். கீழே தரையில், இடது மூலையில் மட்டும், மடித்து வைத்த ஒரு அட்டைத் துண்டு. தரை தாழ்வாக இருந்தால் கடிகாரக் காலுக்கு அப்படித்தான் முட்டுக் கொடுப்பார்கள்.

"இங்க என்ன இருந்துச்சு?" என்றேன்.

"பெரிய கடிகாரம்மா. ஓக் மரம். இங்க இருந்த அம்மா தினமும் காலைல சங்கிலியை இழுத்துவிடுவாங்க. மணி என்னமோ தப்புத் தப்பாத்தான் அடிக்கும், தெருவே சிரிக்கும். காலி பண்ணும்போது நானே ஆள் வெச்சு ஏத்திவிட்டேன். எந்த ஊர்ல இருக்கோ."

நான் சந்தேகப்படப் பழகியவள். அக்கா கிடங்கில் சேர்ந்து பதினைந்து வருஷம். அந்தக் கடிகாரம் என்றைக்கோ அவள் கை வழியாகப் போயிருக்கலாம், மனதின் அடியில் கிடந்தது இப்போது மேலே வந்திருக்கலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் என் விரலுக்கடியில் நின்று, மறுபடி ஆடிய குண்டு யாருடைய ஞாபகம்?

புரோக்கர் ஜன்னலைத் திறக்க உள்ளறைக்குப் போனார். நான் அந்த வெளிறிய வடிவத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தேன். சுவர் குளிர்ந்திருந்தது. வேறொன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, தோலுக்கு மட்டும் தெரிகிற அளவில், ஒரு தட்டு. கொஞ்சம் தாமதித்து இன்னொன்று. கையை எடுத்துவிட்டேன். அது என் நாடியாக இருக்கலாம். நாடி நொண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு லாரி வந்தது. ஆறு பெட்டிகளும் வாசலில் வரிசையாகப் படுத்திருந்தன. அக்கா திருப்புளியோடு நாலாம் நம்பர் முன்னால் நின்றாள். அத்தான் பிடித்துக்கொள்வதற்காகப் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, கழட்டாத" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"அன்னைக்கு எல்லாத்தையும் நிறுத்தினோமே, இது ஆடிச்சு. நான் பாத்தேன். கையால நிறுத்திட்டு எடுத்தேன், மறுபடியும் ஆடிச்சு. மத்தது எதுவும் ஆடல."

அத்தானுக்குப் புரியவில்லை. "காத்துல ஆடியிருக்கும்மா."

"கதவைச் சாத்தினதுக்கப்புறமும் ஆடிச்சு அத்தான். நேத்து அந்த வீட்டுக்குள்ள போனேன். அங்க இப்ப ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு இருந்திருக்கு. சங்கிலி, ஓக் மரம், இடது பக்கம் தாழ்வு, தப்பு மணி. இவ எழுதினது எல்லாம் சரி."

அத்தான் நாலாம் நம்பரின் கதவைத் திறந்தார். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அதற்கு யாரும் சாவி கொடுக்கவில்லை. அவர் குனிந்து, குண்டை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தி, விட்டார். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். லாரிக்காரர் வாசலில் ஹார்ன் அடித்தார். அத்தானின் கழுத்து மயிர் சிலிர்த்து எழுந்ததை நான் பார்த்தேன், அதற்கப்புறம்தான் குண்டைப் பார்த்தேன்.

அவர் நேராக வாசலுக்குப் போனார். "இன்னைக்கு வேணாம்பா. வண்டியை எடுத்துக்கோ" என்று சொன்னது கேட்டது. அதற்கு லாரிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அக்கா திருப்புளியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

"டாக்டர் கேட்டப்ப?"

"தெரிஞ்சுதான் இல்லன்னு சொன்னேன்." கீழே இருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அம்மா ஞாபகம் வந்துடுச்சுக்கா. பயந்துட்டேன்."

அவள் என்னை அணைத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அவள் வழக்கமாகக் கடைசியில் பார்ப்பது.

"அம்மாவும் ஏதோ ஒண்ணைக் கேட்டுத்தான் இருப்பா" என்றாள். "நாமதான் யாரும் போய்ப் பாக்கல."

உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தாள். எட்டாவது பக்கத்தைத் திறந்து, நாலாம் நம்பரின் பெட்டியோரம் வைத்து, பேனாவை நீட்டினாள். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. "கேட்டியான்னு நான் கேக்கல. பாத்ததுக்கு மட்டும் போடு."

என் பட்டச் சான்றிதழை வாங்கும்போது போட்ட அதே கையெழுத்தைப் போட்டேன். இந்தப் பக்கம் அவள் மேலாளருக்குப் போகும், டாக்டருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். படித்தவளும் போய்விட்டாள் என்று பேசுவார்கள் என்பதும் தெரியும்.

அக்கா நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். கடைசிக் கட்டம் நிரப்பாமல் இருந்தது.

"ஓடுது, நின்னுடுச்சு. இதுல எதை எழுதறது?"

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சாதாரணப் பேட்டரி கடிகாரத்தை அத்தான் என்றைக்கோ கழற்றிவிட்டார். நேரம் என்ன என்று தெரியவில்லை. நான் நாலாம் நம்பருக்குள் பார்த்தேன். ஒரு நெல்லின் அகலம். அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம்.

"ஓடுதுன்னு எழுதுக்கா" என்றேன்.